பனி கரையட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: அக்கா, போன ஆகஸ்டில் திருச்சியிலிருந்து நார்வேயின் ட்ரொம்சோ நகருக்கு வந்தோம். கணவருக்கு இங்கே ஆராய்ச்சி வேலை. பையனுக்கு எட்டு வயது, பெண்ணுக்கு நாலு. சூரியனே எட்டிப் பார்க்காத குளிர்காலத்தைக்கூட எப்படியோ ஓட்டிவிட்டேன். இப்போது ஏப்ரல் கடைசி. ஊரில் மாம்பழ சீசன், இங்கே சமையலறை ஜன்னல் பாதி வரை பனி. ஆனால் எல்லோரும் "வசந்தம் வந்துவிட்டது" என்கிறார்கள்! பாலர் பள்ளியில் வாரம் ஒருநாள் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், தொப்பலாக நனைத்து அனுப்புகிறார்கள். பெரியவன் ராத்திரி பத்து மணிக்கும் "வெளிச்சமா இருக்கே" என்று தூங்க மறுக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஈஸ்டரிலிருந்து மூன்று முறை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். எங்களுக்குப் பனிச்சறுக்கு தெரியாது, அதனால் மூன்று முறையும் தலைவலி என்று பொய் சொன்னேன். வீடியோ காலில் மாமியார், "புள்ளைங்கள பனியில விட்டு நிமோனியா வர வைக்கிறியா?" என்கிறார். பனி கரையும் வரை வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் என்ன?
— வாசகி, ட்ரொம்சோ

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மூன்று தலைவலியையும் முதலில் மன்னித்துவிடுகிறேன். அதே ஊரில் பதினாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டுச் சென்னை திரும்பியவள் நான். முதல் வருஷம் முழுக்க எனக்கு முதுகுவலி.

வீட்டுக்குள் இருக்காதீர்கள். பனி கரையட்டும் என்று உட்கார்ந்திருந்தால், அந்த ஊர் வருஷத்தில் தரும் மிக நல்ல வாரங்களை ஜன்னல் வழியாகவே பார்த்துத் தீர்த்துவிடுவீர்கள். பனி கரைகிற நேரம்தான் உண்மையில் சகிக்காது. தெருவெல்லாம் சகதி, குளிர்காலம் முழுக்க நடைபாதையில் தூவிய சரளை, ஆறு மாதமாகப் பனிக்குள் புதைந்திருந்த நாய்க் கழிவு எல்லாம் ஒன்றாக வெளியே வரும். அதற்கா காத்திருக்கிறீர்கள்?

ஜன்னல் பாதி வரை பனி என்பதும் அங்கே பெரிய சேதியில்லை. ட்ரொம்சோவில் பனி மிக உயரமாகக் கிடந்தது 1997 ஏப்ரல் 29 அன்று, 240 சென்டிமீட்டர். சென்னைக்காரர்கள் 2015 வெள்ளத்தைச் சொல்வதுபோல அந்த ஊர்க்காரர்கள் அதை இன்னும் சொல்வார்கள். நமக்கு வசந்தம் என்றால் வேப்பம்பூ, மாந்தளிர். அங்கே வசந்தம் என்றால் வெளிச்சம். இந்த மாதங்களில் பகல் தினமும் பத்து நிமிஷம்போல நீள்கிறது, ஒரே வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். மே 20 வாக்கில் சூரியன் மறைவதையே நிறுத்திவிடும், ஜூலை கடைசி வாரம் நெருங்கும் வரை. தரையில் பச்சை தெரிகிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. நீண்ட சிவப்பு அலகுள்ள ஒரு கறுப்பு வெள்ளைக் கடற்கரைப் பறவை மார்ச்சில் வந்து கத்த ஆரம்பித்தால் போதும், வசந்தம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். நகரக் கட்டடங்களின் விளிம்பில் கூடு கட்டிக் களேபரம் பண்ணும் கடற்பறவைகளுக்காக மரத்தட்டு அடுக்கிய 'ஹோட்டல்'களே வைத்திருக்கிறார்கள். நடுநகரில் இருக்கின்றன. முதல் நாள் வேறெங்கும் போக மனமில்லை என்றால் பெண்ணை அதற்காவது கூட்டிப்போங்கள், சிரித்து விழுவாள்.

சரி, நனைகிற விஷயம். உங்கள் பெண் நனைந்து வந்தால் நன்றாக விளையாடியிருக்கிறாள் என்று அர்த்தம். அடியில் என்ன போட்டு அனுப்புகிறீர்கள் என்பதுதான் கேள்வி. என் மகனுக்கு ஆறு வயதில், முதல் பள்ளி உலாவுக்கு, ஊரிலிருந்து வாங்கி வந்த புது ஜீன்ஸ், உள்ளே வெள்ளைப் பனியன், பருத்திக் காலுறை என்று மாப்பிள்ளை மாதிரி அனுப்பினேன். சாயங்காலம் யாருடையதோ கம்பளிக் கால்சட்டையோடு வந்தான். ஜீன்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது, பிழிந்தால் அரை வாளி தண்ணீர். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, பையின் மேல் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: 'உல்'. கம்பளி.

விஷயம் அவ்வளவுதான். பருத்தி ஈரத்தை உறிஞ்சி உடம்போடு ஒட்டி, சூட்டைப் பிடுங்கிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். எனவே தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன் மேல் இன்னொரு கம்பளியோ ஃப்ளீஸோ, மேலே காற்றும் ஈரமும் புகாத உடை. பனி இளகும் ஏப்ரலில், அதற்கும் மேல் ரப்பர் பூச்சுள்ள மழை உடுப்பு. கையுறை விரல் பிரிக்காததாக, மூன்று ஜோடியாவது வேண்டும். ஒன்று நனைந்திருக்கும், ஒன்று தொலைந்திருக்கும். எல்லாம் புதிதாக வாங்கினால் சம்பளம் காலி. பழைய பொருள் விற்கும் கடைகளில் அருமையாகக் கிடைக்கும். சறுக்குக் கட்டை, ஸ்லெட்ஜ் மாதிரி சாமான்களை இலவசமாக இரவல் தரும் 'பூஆ' என்ற ஏற்பாடு நார்வே முழுக்க இருக்கிறது. ஒரு பருவத்துக்குமேல் காலுக்குச் சேராத சாமானை வாங்கிக் குவிக்காதீர்கள்.

மாமியாரிடம், குளிரில் விளையாடுவது வேறு, நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்பது வேறு என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அங்கே கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் போர்த்தி, வீட்டுக்கு வெளியே குளிரிலேயே மதியத் தூக்கம் போடுவார்கள். அதை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

தூக்கத்துக்கு மருந்து திரைச்சீலைதான். வெளிச்சம் துளியும் புகாத இருட்டுத் திரை அந்த ஊர்க் கடைகளில் கிடைக்கும். ஏழரைக்கே இழுத்து மூடிவிடுங்கள். அப்புறம் 'வெளிச்சமா இருக்கே' என்று அவன் வக்கீல் மாதிரி வாதாடினால், கடிகாரத்தைக் காட்டுங்கள். மே வந்தால் உங்களுக்கும் ராத்திரி பதினொரு மணிக்கு மாவாட்டத் தோன்றும், ஜாக்கிரதை.

இனி பக்கத்து வீட்டு அழைப்பு. இதைத்தான் உங்கள் கடிதத்தில் முக்கியமாக நினைக்கிறேன். நம் ஊரில் "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று மூன்று தரம் உபசரிப்போம், நாலாவது தரம் உட்காருவோம். அங்கே ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்கள் மூன்று முறை கேட்டிருக்கிறார்கள் என்றால் உங்களை நிஜமாகவே பிடித்திருக்கிறது. நாலாவது முறை கேட்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த முறை நீங்கள் கேளுங்கள்: "சனிக்கிழமை நாங்களும் வரலாமா? எங்களுக்குச் சறுக்கத் தெரியாது, நடந்து வருவோம்." இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூடவே, எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்றும் கேட்டுவிடுங்கள். 'தூர்' என்று அவர்கள் சொல்லும் ஒரே வார்த்தைக்குள் இருபது நிமிஷ நடையும் அடக்கம், மூன்று நாள் மலைப்பயணமும் அடக்கம்.

முதல் முறைக்கு, ட்ரொம்சோ நகர் இருக்கும் தீவின் நடு உச்சியில் உள்ள பிரெஸ்ட்வன்னெட் ஏரிப் பக்கமோ, தெற்குக் கரையில் இருக்கும் டெலிகிராஃப்புக்தா கடற்கரையோ போதும். காலையிலேயே கிளம்புங்கள். இரவு உறைந்த பனி மேலே ஓடுபோலக் கெட்டியாக இருக்கும். 'ஸ்காரெ' என்பார்கள். அதன்மேல் உங்கள் நாலு வயதுக்காரி பூனை மாதிரி ஓடுவாள், பின்னால் போகும் நீங்கள் பத்தடிக்கு ஒருமுறை முழங்கால் வரை இறங்குவீர்கள். மதியத்துக்கு மேல் வெயிலில் ஓடு இளகி, எல்லோரும் இறங்குவார்கள். ஒரே ஒரு மரியாதை: சறுக்குபவர்களுக்காக இரட்டைக் கோடு போட்டு வைத்த தடத்தில் கால் வைக்காதீர்கள். யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் கோலத்தின் மேல் நடந்துபோனவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

போய் என்ன செய்வது? குழி தோண்டுவது! காற்று வரும் பக்கம் பனியைச் சுவர்போலக் குவித்து, உள்பக்கம் சாய்ந்து உட்கார இடம் செதுக்கி, மேலே கலைமான் தோலோ மடக்குப் பாயோ விரிப்பார்கள். 'சூல்க்ரூப்', சூரியக் குழி. முதல் தடவை அதற்குள் உட்கார்ந்தபோது நான் அசந்துவிட்டேன். வெளியே மைனஸ் இரண்டு. உள்ளே காற்று நின்றுவிட்டது. மூன்று பக்கமும் பனிச்சுவர் வெயிலை முகத்தில் கொட்ட, ஜாக்கெட்டைக் கழற்றவேண்டியதாயிற்று. சுவரிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது, கீழே ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே நுழைந்த கடல், மின்னியது. யாரும் அரைமணி நேரம் பேசவில்லை. அன்று சாயங்காலம் முதுகுவலி ஞாபகமே இல்லை. ஆனால் தாடைக்கு அடியில் தோல் உரிந்தது. பனி வெயிலைக் கீழிருந்தும் திருப்பி அடிக்கும். சன்ஸ்கிரீனைத் தாடைக்குக் கீழும் தடவுங்கள், பிள்ளைகளுக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

சாப்பாட்டுக்கு அவர்கள் ஆரஞ்சு, 'க்விக் லுன்ஷ்' சாக்லேட், நெருப்பில் சுட்ட சாஸேஜ் கொண்டு வருவார்கள். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டுப் பக்கம் தீ மூட்டப் பொதுத் தடை உண்டு. தீ பரவவே வழியில்லாத பனித்தரையில் விலக்கு. அந்தப் பொறுப்பை அவர்களிடமே விடுங்கள். நீங்கள் பாசத்தில் புளியோதரை கட்டாதீர்கள். சோறு கல்லாகிவிடும், கையுறையோடு பிசையவும் முடியாது. உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய சப்பாத்தியும், ஒரு பெரிய ஃப்ளாஸ்க் நிறைய மிளகு ரசமும் போதும். என் பக்கத்து வீட்டுக்காரர் சூப் என்று நினைத்து இரண்டு கோப்பை குடித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே மூன்றாவது கேட்டார்.

சில விஷயங்களில் மட்டும் துணிச்சல் வேண்டாம். முப்பது டிகிரிக்கு மேல் சரிவுள்ள மலைப்பக்கத்திலும், அதன் அடிவாரத்திலும் பனிச்சரிவு வரலாம். 'வார்ஸோம்' இணையதளத்தில் தினமும் ஐந்து படிகளில் எச்சரிக்கை போடுகிறார்கள், கிளம்புமுன் பாருங்கள். வெயில் அடிக்கும் நாளில் கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரியும். சுவரோரம் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். ஏரிப் பனிக்கட்டி ஏப்ரலில் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் நம்பக்கூடாது, ஊர்க்காரர் நடக்காத இடத்தில் நீங்களும் நடக்காதீர்கள். க்வால்யா தீவுப் பக்கம் கலைமான்கள் தென்பட்டால் நின்றுவிடுங்கள், படம் பிடிக்க ஓடவேண்டாம். மே மாதம் கன்று ஈனும் நேரம், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் அவை. காற்று கிளம்பினால் பாதியில் திரும்பலாம். நார்வேக்காரர்களின் ஒன்பது மலை விதிகளில் ஒன்றே, 'நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை' என்பதுதான். நான் சொன்ன 'க்விக் லுன்ஷ்' சாக்லேட் உறையின் உள்பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள், பையனைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவன் நார்வீஜியன் உங்களுடையதைவிட நன்றாகவே இருக்கும்.

தனிமை பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. 80களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இன்னும் வடக்கே பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் நின்று வேலை பார்த்த தமிழர்கள் உண்டு. அப்படி ஒரு அக்காதான் எனக்குக் காட் மீன் சினையை மிளகாய்த்தூள் போட்டு வறுக்கச் சொல்லித் தந்தார். ஒருநாள் நான் வானிலையைப் பற்றிப் புலம்பியபோது அவர் சொன்னார்: "பனியோட கோவிச்சு என்ன செய்யிறது, பிள்ளை? அது இஞ்சதான் இருக்கும். நீதான் வெளிய வரவேணும்." தமிழ்ச் சங்கத்தில் விசாரித்தால் உங்களுக்கும் ஒரு அக்கா கிடைப்பார்.

சனிக்கிழமை குழிக்குள் உட்கார்ந்ததும் மாமியாருக்கு வீடியோ கால் போடுங்கள். அங்கே பகல் பன்னிரண்டு என்றால் திருச்சியில் மூன்றரை. மத்தியானத் தூக்கம் முடிந்து காபிக்குப் பால் வைத்திருப்பார். கறுப்புக் கண்ணாடியோடு ரசம் குடிக்கும் பேத்தியை முதலில் காட்டுங்கள், உங்கள் முகத்தை அப்புறம்.