பிக் பிளாக்கில் கார்புரேட்டரைக் கழற்றப் போகிறீர்களா? கேள்வி பதில்

என் 1969 டாட்ஜ் சார்ஜரில் இருக்கும் 440 கன அங்குல பிக் பிளாக் (பெரிய வி8) இன்ஜினில் கார்புரேட்டரைக் கழற்றி, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் மாட்டியிருக்கிறேன் என்று சொன்னதுதான் தாமதம், அமெரிக்காவில் பழைய வண்டி வைத்திருக்கும் நம் ஆட்களிடமிருந்து கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அண்ணா, ஹூஸ்டனில் இருக்கிறேன். 1970 செவெல், 454 இன்ஜின். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் போட பத்து நிமிடம் நிறுத்தினால் அப்புறம் கிளம்பவே மாட்டேன் என்கிறது. இன்ஜெக்ஷன் மாட்டினால் சரியாகுமா?

ஆகும். ஆனால் என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள் தம்பி. ஓடும்வரை புது பெட்ரோல் வந்து வந்து கார்புரேட்டரைக் குளிர வைக்கும். நிறுத்தியதும் 7.4 லிட்டர் இரும்பின் சூடு முழுக்க மேலே ஏறும். கார்புரேட்டர் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் இருப்பது கொதித்து, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்குள் சொட்டும். இன்ஜின் மூச்சுத் திணறி நிற்கிறது, அவ்வளவுதான். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இன்ஜெக்ஷனில் கிண்ணமே கிடையாது. லைனில் 58 பிஎஸ்ஐ வாக்கில் அழுத்தம் இருப்பதால் பெட்ரோல் அவ்வளவு எளிதில் கொதிக்காது.

உங்களுக்கு இருப்பது இந்த ஒரு குறை மட்டும்தான் என்றால், கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத ஸ்பேசர் ஒன்று வையுங்கள். மேனிஃபோல்டின் நடுவே புகை போகும் வழியை அடைக்கும் கெஸ்கட் போடுங்கள். நூறு டாலருக்குள் முடிந்துபோகலாம். அதன்பிறகும் ஆசை இருந்தால் இன்ஜெக்ஷனுக்கு வாருங்கள்.

த்ராட்டில் பாடி கிட் வாங்கலாமா, எட்டு சிலிண்டருக்கும் எட்டு இன்ஜெக்டர் வைக்கும் போர்ட் இன்ஜெக்ஷனா?

தெருவில் ஓட்டும் வண்டிக்கு, எல்லா சிலிண்டருக்கும் ஒரே இடத்திலிருந்து பெட்ரோல் தெளிக்கும் த்ராட்டில் பாடி போதும். கார்புரேட்டர் உட்கார்ந்த அதே நான்கு போல்ட்டில் உட்கார்ந்துவிடும், பழைய ஏர் கிளீனரும் மேலே பொருந்தும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: பெட்ரோல் இப்போதும் மேனிஃபோல்ட் வழியாக ஈரமாகத்தான் போகிறது. மூலையில் இருக்கும் சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவு, நடுவில் இருப்பதற்குக் கொஞ்சம் அதிகம் என்ற பழைய பாரபட்சம் அப்படியே தொடரும். கணக்கறிந்த கார்புரேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாரபட்சம் போக வேண்டுமானால் போர்ட் இன்ஜெக்ஷன்தான், செலவும் அதற்கேற்ப ஏறும்.

இன்ஜெக்டர் அளவுக்கு ஒரு கைக்கணக்கு: ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல். 500 குதிரைத்திறன் என்றால் 250 பவுண்டு. எட்டால் வகுத்தால் 31. இன்ஜெக்டரை 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 37 பவுண்டு இன்ஜெக்டர். பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று 80 பவுண்டு வாங்காதீர்கள், ஐட்லிங்கில் சொட்டு சொட்டாகக் கொடுக்கத் தெரியாமல் தடுமாறும்.

இன்ஜினில் இருக்கும் பழைய மெக்கானிக்கல் பம்பையே வைத்துக்கொள்ளலாமா?

முடியாது. அது கொடுப்பது ஆறு ஏழு பிஎஸ்ஐ. இங்கேதான் எல்லாரும் பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். மாற்றத்தின் கால்வாசி வேலைதான் பானெட்டுக்குக் கீழே. மிச்சம் டேங்க், வயரிங், சைலன்சர் பைப்.

வெளியே சேஸிஸில் மாட்டும் எலெக்ட்ரிக் பம்ப் மலிவு, ஆனால் அதற்குத் தள்ளத்தான் தெரியும், உறிஞ்ச வராது. டேங்க் பாதி காலியாகி வெயிலும் சேர்ந்துகொண்டால் தேனீக்கூடு மாதிரி இரையும். பழைய டேங்கில் உள்ளே தடுப்பும் இல்லை. வளைவில் திரும்பும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றைக் குடிக்கும், வண்டி ஒரு கணம் செத்துப் பிழைக்கும். பம்பும் சிறு தொட்டியும் உள்ளேயே இருக்கும் புது டேங்க் போடுங்கள். பெட்ரோலில் மூழ்கியே இருக்கும் பம்ப் சூடாகாது, சத்தமும் போடாது.

மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்கே திரும்பிப் போகும் ரிட்டர்ன் லைன் கட்டாயம் வையுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் ஒரு துண்டுகூட மிச்சம் இருக்கக் கூடாது. கார்புரேட்டர் ஹோஸ் இந்த அழுத்தத்தைத் தாங்காது, இன்ஜெக்ஷனுக்கென்று எழுதியிருக்கும் ஹோஸ்தான் வேண்டும்.

மாட்டி மூன்று வாரம். ஒரே பெட்ரோல் வாசனை, பிளக் எல்லாம் கரி. கம்ப்யூட்டர் கலவையைத் தானாகவே கற்றுக்கொள்ளும் என்றார்களே?

தப்பாகவும் கற்றுக்கொள்ளும். இதே கூத்து எனக்கும் நடந்தது. திரையில் கலவை அளவு அழகாக நிற்கிறது, பின்னால் நின்றால் கண் எரிகிறது. ஆயில் குச்சியை உருவி முகர்ந்தால் பெட்ரோல் நாற்றம். இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் ஒரு காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, புகையைச் சேர்த்து வெளியேற்றும் ஹெடரும் சைலன்சர் பைப்பும் சேரும் இடத்தில் கையைக் கொண்டுபோனேன். டிக் டிக் என்று காற்று விரலில் அடித்தது. கெஸ்கட்டில் நகக்கண் அகலத்துக்கு ஓட்டை.

புகை வெளியேறும் அந்த ஓட்டை வழியாகத்தான், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு அது புதுக்காற்று என்று தெரியாது, பெட்ரோல் குறைவு என்று நினைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றும். கெஸ்கட் மாற்றி, ஆயில் மாற்றி, கற்றதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன், சரியானது. நீங்களும் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் மட்டும், ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிக்குள்.

சார், இக்னிஷனில் சிடிஐ பெட்டி இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு இன்ஜின் வேகத்தைச் சொல்லும் ஆர்பிஎம் வயரை காயிலின் மைனஸில் கொடுக்கலாமா?

கொடுக்கவே கொடுக்காதீர்கள். சிடிஐ என்பது கெபாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்துக் காயிலுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட்டில் அடிக்கும் பெட்டி, கம்ப்யூட்டர் ஒரே செல்ஃபில் போய்விடும். பெட்டியிலேயே டாக்கோமீட்டருக்கென்று ஒரு முனை இருக்கும், அதில் கொடுங்கள். பிளக் வயர் ரெசிஸ்டர் வகையாக இருக்கட்டும். பவரும் எர்த்தும் நேராக பேட்டரியிலிருந்து. மோபார் (டாட்ஜ் போன்ற கிரைஸ்லர் குடும்ப வண்டி) வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: அந்த வண்டிகளில் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் கரண்ட் முழுக்க டாஷ்போர்டில் இருக்கும் அம்மீட்டர் வழியாகச் சுற்றிவருகிறது. அதற்கு மேல் எலெக்ட்ரிக் பம்பையும் ஏற்றினால் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் (ஃபயர்வால்) உள்ள கனெக்டர் உருகும்.

மைலேஜ் எவ்வளவு ஏறும்?

இதற்காக மாட்டாதீர்கள். சரியாக ட்யூன் செய்த கார்புரேட்டரோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது.

டென்வரிலிருந்து மலைக்குப் போகும்போதெல்லாம் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றுகிறேன்…

உங்களுக்குத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். டென்வரிலேயே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 83 சதவீதம்தான். சென்சார் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துவிடும். ஜெட் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

இப்படி மாற்றுவது பழைய காரின் ஆன்மாவைக் கெடுப்பதில்லையா?

ஆன்மாவைப் பற்றி எனக்குத் தெரியாது, வரலாறு கொஞ்சம் தெரியும். 1957லேயே கார்வெட்டில் மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. 1958இல் கிரைஸ்லர் 300டி காரில் பெண்டிக்ஸ் கம்பெனி செய்த எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வந்தது. அந்தக் காலத்து எலெக்ட்ரானிக்ஸ் தாங்காமல், பெரும்பாலான வண்டிகளில் அதைக் கழற்றிக் கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள்! பேட்டன்ட்டுகள் ஜெர்மனியின் பாஷ் கம்பெனிக்குப் போயின. 1976 காடிலாக் எல்டொராடோவில் 8.2 லிட்டர் இன்ஜினோடு இன்ஜெக்ஷன் கேட்டு வாங்க முடிந்தது. ஆக, அமெரிக்கக் கார் கம்பெனிகளின் ஊரான டெட்ராய்ட்டே ஆசைப்பட்டு விட்ட காரியம்தான் இது. ஆனாலும் கழற்றிய கார்புரேட்டரைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்துவிடுங்கள். வண்டியை விற்கும்போது அதுவும் விலை பேசும்.

727 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கிக்டவுன் ராடு புது த்ராட்டில் பாடியில் மாட்டவில்லை. ராடு இல்லாமலே ஓட்டலாமா?

அது இல்லாமல் தெருமுனை வரைகூட வேண்டாம். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று கியர்பாக்ஸுக்குச் சொல்லி உள்ளே ஆயில் அழுத்தம் ஏற்றுவதே அந்த ராடுதான். கிளட்ச் வழுக்கி எரிந்துவிடும். அதற்கென்று அடாப்டர் விற்கிறார்கள்.

நாளைக்கு முதல் ஸ்டார்ட். என்ன கவனிக்க வேண்டும்?

பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள், பம்ப் சில நொடி ஓடி நிற்கும். நான்கைந்து முறை அப்படிச் செய்துவிட்டு, டிஷ்யூ தாளை எடுத்து டேங்கிலிருந்து த்ராட்டில் பாடி வரை ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றிப் பாருங்கள். ஒரு புள்ளி ஈரம் தெரிந்தாலும் செல்ஃப் அடிக்காதீர்கள்.