காஷ்மீர் தீரும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: காஷ்மீர் தகராறு தீராமல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே மேசையில் உட்காரப் போவதில்லை. அவை இரண்டும் உட்காராமல் எட்டு தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் நடக்காது. அப்படியிருக்க, தெற்காசிய ஒத்துழைப்பு என்று திரும்பத் திரும்ப எழுதுகிறீர்களே, யாரை நம்ப வைக்க? பஹல்காமுக்குப் பிறகும் இந்தப் பேச்சு தேவையா?

பதில்: பஹல்காமையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2025 ஏப்ரல் 22 அன்று, காஷ்மீரில் சுற்றுலா போன அந்த இடத்தில், குடும்பத்தார் கண்ணெதிரே சுட்டுக் கொன்றார்கள். 26 உயிர்கள் போயின. சுட்டவர்களும், அவர்களுக்குத் துப்பாக்கியும் தைரியமும் கொடுத்தவர்களும் தண்டனை பெற வேண்டும். இதில் உங்களுக்கும் எனக்கும் ஒரே கருத்துதான்.

ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. பயங்கரவாதத்துக்குப் பதிலடி கொடுப்பது ஒன்று. எல்லைத் தகராறு தீரும்வரை எட்டு நாடுகளும் சேர்ந்து ஒரு காரியமும் செய்யக் கூடாது என்பது இன்னொன்று. முன்னதற்கு நானும் உடன்படுகிறேன். பின்னதை ஏற்க மாட்டேன்.

தகராறு முழுவதும் தீர்ந்த பிறகுதான் அண்டை நாடுகள் கைகோத்தன என்று எந்த வட்டாரத்தைக் காட்டுவீர்கள்? ஐரோப்பாவைப் பாருங்கள். பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் நிலக்கரி, எஃகுத் தொழிலைப் பொது மேற்பார்வையில் வைக்க 1951-ல் கையெழுத்திட்டன. அப்போது இரு நாடுகளின் எல்லையில் உள்ள சார் பகுதி பிரான்சின் பிடியில்தான் இருந்தது. அது மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது 1957-ல்.

நமக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான். 1967-ல் அதைத் தொடங்கிய ஐந்து நாடுகளில் இந்தோனேசியாவும் மலேசியாவும் முந்தின ஆண்டு வரை ஒன்றையொன்று தாக்கிக்கொண்டிருந்தவை. மலேசியாவின் சபா மாநிலத்துக்கு பிலிப்பைன்ஸ் உரிமை கொண்டாடியது. அமைப்பு பிறந்து ஓராண்டு முடிவதற்குள் அந்தத் தகராறு வெடித்து, 1968-ல் இரு நாட்டுத் தூதரக உறவே முறிந்தது. அடுத்த ஆண்டு மறுபடி உறவு மலர்ந்தது. சபா மீதான உரிமையை பிலிப்பைன்ஸ் இன்றுவரை முறைப்படி கைவிடவில்லை. யாரும் அதைக் கைவிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்லை. அந்தக் கோப்பைத் தனியாக வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்தார்கள். ஆசியானில் எல்லாமே சுகம் என்று நான் சொல்லவில்லை. 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் குண்டு வீசிக்கொண்டன. ஆனால் அந்த இரு நாட்டுத் தலைவர்களையும் மலேசியாவில் ஒரே அறையில் உட்காரவைக்க, ஆசியான் தலைமைப் பொறுப்பில் இருந்த பிரதமர் அன்வர் இப்ராஹிமால் முடிந்தது. நம் பக்கத்தில் அப்படி ஓர் அறை இருக்கிறதா?

சரி, வெளியூர்க் கதை வேண்டாம் என்பீர்கள். இந்தியாவும் வங்கதேசமும் 1996-ல் கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் போட்டன. அந்த இரு நாடுகளின் நில எல்லைத் தகராறு தீர்ந்தது 2015-ல். அதாவது, ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் திட்டுகளாகக் கிடந்த 162 நிலத்துண்டுகள் கைமாறுவதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீரைப் பகிர ஒரு வழி பிறந்துவிட்டது. எல்லை தீரட்டும் என்று இருந்திருந்தால் எத்தனை கோடைகள் சண்டையிலேயே கழிந்திருக்கும்?

பாகிஸ்தான் விஷயம் வேறு என்பீர்கள். வேறுதான். அங்கேயும் பாருங்கள். 1988-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. அந்த இடங்களைத் தாக்கக் கூடாது என்பதற்காக. கார்கில் போரும் புல்வாமா தாக்குதலும் அதை நிறுத்தவில்லை.

வெட்டுக்கிளிகளின் கதை இன்னும் முக்கியமானது. ஆப்கானிஸ்தான், இந்தியா, ஈரான், பாகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளுக்கும் ஐநா உணவு, வேளாண் அமைப்பின் கீழ் ஒரு பாலைவன வெட்டுக்கிளி ஆணையம் 1964 முதல் இருக்கிறது. ராஜஸ்தானின் முனாபாவிலும் எதிரே சிந்துவின் கோக்ராபாரிலும் இரு நாட்டு அதிகாரிகள் சந்தித்து, எந்தப் பக்கம் பூச்சி முட்டையிட்டிருக்கிறது, எந்தப் பக்கம் பறக்கும் என்று பேசுவது வழக்கம். 2020-ல் கூட்டம் கூட்டமாக வெட்டுக்கிளிகள் பாகிஸ்தானிலிருந்து வந்து ஜெய்ப்பூர் வரை பறந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாலாகோட் தாக்குதல், 370-வது பிரிவு நீக்கம், வர்த்தகம் நிறுத்தம் எல்லாம் நடந்திருந்தன. உறவு அடிமட்டத்தில் கிடந்தது. ஆனாலும் நான்கு நாட்டுத் தொழில்நுட்ப அதிகாரிகள் வாரந்தோறும் காணொளியில் கூடிப் பேசினார்கள். காஷ்மீர் பற்றிய நிலைப்பாட்டை அதற்காக யாரும் ஒரு அங்குலம்கூட மாற்றிக்கொள்ளவில்லை. பயிர் மிஞ்ச வேண்டும் என்பது இரண்டு பக்க விவசாயிக்கும் பொதுவான கவலை. தொலைக்காட்சி விவாதங்களில் கத்துகிறவர்கள் இந்தக் கூட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இன்னொன்று. பாகிஸ்தானோடு ஆற்று நீரைப் பகிரும் சிந்து நதி ஒப்பந்தத்தை பஹல்காமுக்குப் பிறகு இந்தியா நிறுத்திவைத்தது. அதே 2025 ஆகஸ்டில், ஜம்முவிலிருந்து பாகிஸ்தானுக்குள் பாயும் தாவி ஆற்றில் வெள்ளம் வரும் நிலை. இந்தியா, மனிதாபிமானத்தின் பேரில், தூதரகம் வழியாகப் பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அந்தச் செயலால் இந்தியா பலவீனமானதாக நீங்கள் நினைக்கிறீர்களா? நான் அதை நினைத்துப் பெருமைப்படுகிறேன்.

அப்புறம் ஏன் சார்க் முடங்கிக் கிடக்கிறது? அதன் சாசனத்தின் 10-வது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. இரு நாடுகளுக்கு இடையிலான சச்சரவுகளை இங்கே பேசக் கூடாது. எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும். முதல் விதி புத்திசாலித்தனமானது. அது இல்லையென்றால் 1985-ல் டாக்காவில் அமைப்பே தொடங்கியிருக்காது. இரண்டாவது விதிதான் கழுத்தை நெரிக்கிறது. 2014 காத்மாண்டு உச்சி மாநாட்டில் சாலைப் போக்குவரத்து, ரயில் ஒப்பந்தங்கள் பாகிஸ்தானின் மறுப்பால் நின்றன. 2016-ல் காஷ்மீரின் ஊரி ராணுவ முகாம் மீதான தாக்குதலுக்குப் பிறகு இஸ்லாமாபாத் மாநாட்டுக்குப் போவதில்லை என்று இந்தியா அறிவித்தது, வேறு சில நாடுகளும் விலகின, மாநாடு நின்றுபோனது. அதன் பிறகு உச்சி மாநாடே இல்லை. 2014-ல் தலைமைப் பொறுப்பேற்ற நேபாளம் அதை அடுத்தவரிடம் ஒப்படைக்க முடியாமல் தவித்தது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இங்கேதான். காஷ்மீரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நேபாளம், பூடான், மாலத்தீவு, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகள் இதற்கு விலை கொடுக்கின்றன. தெற்காசிய நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் தங்களுக்குள் நடப்பது 5 சதவீதம் அளவுக்குத்தான் என்கிறது உலக வங்கி. ஆசியானில் அது 25 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. பக்கத்து வீட்டில் வாங்க வேண்டியதைக் கடல் கடந்து போய் வாங்கும் வட்டாரம் இது.

வழி இருக்கிறது, அதுவும் சார்க் சாசனத்திலேயே. 7-வது பிரிவு, இரண்டுக்கு மேற்பட்ட, ஆனால் எல்லா நாடுகளும் சேராத திட்டங்களுக்குத் தனிச் செயற்குழு அமைக்கலாம் என்கிறது. அதாவது, விருப்பமுள்ளவர்கள் முன்னே போகலாம், மற்றவர்கள் பிறகு வந்து சேரலாம். குழுவை அமைக்கவே எல்லோருடைய சம்மதமும் வேண்டுமே என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் தனக்குச் செலவில்லாத, தன் எல்லையைத் தொடாத ஒரு திட்டத்துக்கு மறுப்புச் சொல்கிற நாடு மற்ற ஏழு நாடுகளுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். இன்று அந்தச் சங்கடம்கூட யாருக்கும் இல்லை.

இப்படி நடக்குமா என்ற சந்தேகம் வேண்டாம், சார்க்குக்கு வெளியே ஏற்கெனவே நடக்கிறது. நேபாளத்தின் நீர்மின்சாரம் 40 மெகாவாட், இந்தியாவின் மின்கம்பிகள் வழியாக வங்கதேசத்துக்குப் போகிறது. மூன்று நாடுகளும் 2024 அக்டோபரில் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வங்கதேசத்தில் ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டெல்லிக்கும் டாக்காவுக்கும் இடையே கசப்பு ஏறியிருந்த நேரம். அளவு சின்னதுதான். ஆனால் அதை வாங்குகிறவர், விற்கிறவர், கொண்டுபோய்ச் சேர்ப்பவர் மூவருக்கும் லாபம் இருக்கிறது. அதனால்தான் அரசியல் வெயிலில் அது கருகவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். உச்சி மாநாடு இப்போதைக்கு வேண்டாம், தலைவர்கள் கைகுலுக்கும் படமும் வேண்டாம். வெள்ள எச்சரிக்கை, பூச்சித் தாக்குதல், தொற்றுநோய், காற்று மாசு ஆகிய நான்கையும் எந்தப் பதிலடியின்போதும் நிறுத்தக் கூடாத பணிகள் என்று எட்டு நாடுகளும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தாளின் முதல் வரியிலேயே, இதனால் எவருடைய எல்லை உரிமையும் பாதிக்கப்படாது என்று சேர்த்துக்கொள்ளட்டும். 1972 சிம்லா ஒப்பந்தத்தில் காஷ்மீரைப் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோடு பற்றி இந்தியாவும் பாகிஸ்தானும் அப்படித்தான் எழுதிக்கொண்டன. இரு தரப்பின் நிலைப்பாட்டுக்கும் பங்கமில்லாமல் அந்தக் கோட்டை மதிப்போம் என்று. காஷ்மீருக்காகவே அப்படி எழுத முடிந்தவர்களுக்கு வெட்டுக்கிளிக்கும் வெள்ளத்துக்கும் எழுத முடியாதா?