பின்னத்தில் தடுக்கும் இடங்கள்: கேள்வி பதில்

நடுநிலைப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பின்னம், தசமம், குறை எண் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்வது பற்றிக் கேளுங்கள். பள்ளி நிர்வாகம் பற்றிக் கேட்டால் பதில் வராது.

கேள்வி (ஆறாம் வகுப்பு ஆசிரியை): அம்மா, பின்னத்தால் வகுக்கும்போது "தலைகீழாக்கிப் பெருக்கு" என்றே சொல்லிவந்தேன். ஏன் தலைகீழாக்க வேண்டும் என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டான். என்ன சொல்வது?

பதில்: அந்த மாணவனை விட்டுவிடாதீர்கள். மற்றவர்கள் கேட்காமல் விட்டதைக் கேட்டிருக்கிறான்.

வகுத்தல் என்றால் பங்கு போடுவது என்று மட்டும் மூன்றாம் வகுப்பிலேயே பதிந்துவிடுகிறது. அரை ஆளுக்கு எப்படிப் பங்கு போடுவது? அங்கேதான் பிள்ளை நின்றுவிடுகிறது. ஆகவே "இதில் அது எத்தனை முறை அடங்கும்?" என்ற கேள்விக்கு முதலில் கொண்டுவாருங்கள். 3 லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டில் அடைத்தால் எத்தனை பாக்கெட்? பால் வாங்கப் போகும் பிள்ளை யோசிக்காமல் 6 என்று சொல்லும். எப்படி என்று கேளுங்கள். "லிட்டருக்கு இரண்டு, மூன்று லிட்டருக்கு ஆறு" என்று வரும். அந்த "லிட்டருக்கு இரண்டு" என்பதுதான் 1/2இன் தலைகீழி. இதை நீங்கள் சொல்ல வேண்டாம், கரும்பலகையின் ஓரத்தில் எழுதி மட்டும் வையுங்கள்.

அடுத்து 2 லிட்டர் பால், முக்கால் லிட்டர் பாட்டில். இரண்டு பாட்டில் நிரம்பிவிடும், அரை லிட்டர் மிஞ்சும். வகுப்பில் பெரும்பாலோர் "இரண்டரை" என்பார்கள். உடனே தவறு என்று அடித்துவிடாதீர்கள். மிஞ்சியதை மூன்றாவது பாட்டிலில் ஊற்றினால் எதுவரை ஏறும் என்று பாட்டிலை வரைந்து காட்டச் சொல்லுங்கள். முக்கால் லிட்டரை மூன்று கோடாகப் பிரித்தால் கோட்டுக்குக் கால் லிட்டர். அரை லிட்டர் இரண்டு கோடு ஏறும். ஆக, மிஞ்சியது அரை லிட்டர்தான், ஆனால் 2/3 பாட்டில். விடை 2 2/3.

இப்போது ஓரத்தில் எழுதியதற்கு வாருங்கள். ஒரு லிட்டருக்கு எத்தனை பாட்டில்? ஒன்று நிரம்பி, இன்னொன்றில் ஒரு கோடு, அதாவது 4/3. இரண்டு லிட்டருக்கு 8/3. அதே 2 2/3. தலைகீழாக்கியது யார்? பால்தான்.

கேள்வி: 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறார்கள். மேலே மேலே, கீழே கீழே கூட்டுகிறார்கள்.

பதில்: மீச்சிறு பொது மடங்கை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். 2/5 அரையைவிடச் சிறியது. "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தேன், அரையைவிடக் குறைந்துவிட்டதே, எப்படி?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த அமைதி ஆசிரியருக்குத்தான் கஷ்டம்.

கேள்வி: நடத்தும்போது எல்லோரும் "புரிந்தது" என்கிறார்கள். தேர்வில் ஒன்றும் இல்லை.

பதில்: "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு, அதுவும் கோரஸாக வரும். மாறாக, சிறு கணக்கு ஒன்று கொடுத்து எல்லோரையும் நோட்டில் எழுதச் சொல்லி, பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு சுற்று வாருங்கள். கடைசி பெஞ்சிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி (டியூஷன் நடத்துபவர்): பாட்டில், பால் எல்லாம் எதற்கு அம்மா? விதியைச் சொல்லி இருபது கணக்குப் போட வைத்தால் மதிப்பெண் வருகிறது. விளக்கம் பிறகு தானாக வரும்.

பதில்: விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருபது கணக்கும் போடட்டும். வரிசைதான் தகராறு. விதி முதலில் வந்தால் எதைத் தலைகீழாக்குவது என்பதே சில வாரங்களில் மறந்துவிடுகிறது. முதல் பின்னத்தைப் புரட்டுபவர்கள், இரண்டையும் புரட்டுபவர்கள், பெருக்கலிலும் புரட்டுபவர்கள் என்று எல்லோரையும் உங்கள் டியூஷனில் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: 0.25 பெரிதா 0.3 பெரிதா என்றால் 0.25 என்கிறார்கள்.

பதில்: 25, 3ஐவிடப் பெரிது அல்லவா, அதனால். "புள்ளி இருபத்தைந்து" என்று நீங்களே படித்தால் அப்படித்தான் ஆகும். "புள்ளி இரண்டு ஐந்து" என்று படியுங்கள். பைசா உதாரணம் இரண்டு இலக்கம்வரைதான் உதவும், 0.125இல் கைவிட்டுவிடும். மீட்டர் அளவுகோல் மில்லிமீட்டர்வரை வரும்.

கேள்வி: நிலவு தேய்வது பூமியின் நிழலால் என்கிறார்கள். எப்படி மாற்றுவது?

பதில்: என் பாடமில்லை, ஆனாலும் விட மனமில்லை. அமாவாசை கழிந்த ஏழாம், எட்டாம் நாள் மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். மேற்கே சூரியன், கிழக்குப் பக்கம் அரை நிலா, இரண்டும் ஒரே வானத்தில் இருக்கும். பூமியின் நிழல் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் அல்லவா விழும்? நிலா அங்கே இல்லையே. மீதியை அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி (டியூஷன் நடத்துபவர்): அம்மா சொல்வது இருபது பேர் வகுப்புக்குச் சரி. ஐம்பது பேரை வைத்துக்கொண்டு?

கேள்வி (இன்னொரு ஆசிரியர்): நானும் அதையே கேட்கிறேன். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா?

பதில்: கரும்பலகையில் பாட்டில் வரைய ஐம்பது பேர் என்ன, ஐந்து பேர் என்ன? ஒரு பாடவேளை கூடுதலாகும், ஒப்புக்கொள்கிறேன். விதியை மட்டும் சொன்னவர்கள் ஏழாம் வகுப்பில் அதே பாடத்தை முதலிலிருந்து நடத்துகிறார்கள். அந்தப் பாடவேளைகளை யார் கணக்கில் எழுதுவது?

கேள்வி (டியூஷன் நடத்துபவர்): 1/2 ÷ 3/4 கொடுத்தால் உங்கள் பாட்டிலே நிரம்பாதே!

பதில்: நிரம்பாது. இரண்டு கோடு ஏறும், விடை 2/3. "எத்தனை பாட்டில்" என்பதை "பாட்டிலில் எவ்வளவு" என்று மாற்றிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல கணக்கு. உங்கள் மாணவர்களுக்குக் கொடுங்கள்.

கேள்வி: குறையைக் குறையால் பெருக்கினால் ஏன் மிகை?

பதில்: கடன் கதையெல்லாம் கூட்டலோடு நிற்கட்டும், பெருக்கலில் குழப்பும். கீழே கீழே எழுதுங்கள்: 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. வரிக்கு 2 கூடுகிறது. அடுத்த வரி (−1) × (−2). அவர்களே சொல்லட்டும்.

கேள்வி: பிள்ளைகள் புரிந்தது என்கிறார்கள், ஆனால்…

பதில்: மேலே பாருங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள்.

கேள்வி: பின்ன வகுத்தலில் ஏன் தலைகீழாக்க வேண்டும்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: மாறுதல் கலந்தாய்வு எப்போது?

பதில்: வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (டியூஷன் நடத்துபவர்): 2 ÷ 3/4 போட வைத்தேன். எல்லோரும் 8/3 சரியாகப் போட்டார்கள். எவ்வளவு பால் மிஞ்சும் என்று கேட்டேன். 2/3 லிட்டர் என்றார்கள்.

பதில்: ஒருவர்கூட அரை லிட்டர் என்று சொல்லவில்லையா? நாளைக்குப் பாட்டிலோடு போங்கள்.