ஜப்பான்ல வக்கீலாகணும்னா முதல்ல ஊர்ல கோட்டு மாட்டுங்க

மதுரையில பிஏ எல்எல்பி கடைசி வருஷம் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கார்: ஜப்பானிய மொழித் தேர்வுல என்4 (அஞ்சு நிலையில கீழருந்து ரெண்டாவது) பாஸ் பண்ணிட்டேன், டிகிரி வாங்கின கையோட ஜப்பான் போய் எல்எல்எம் (சட்ட மேற்படிப்பு) முடிச்சா அப்படியே வக்கீலாகிடலாமா?

ஆக முடியாது தம்பி. எல்எல்எம் வெறும் படிப்புதான், லைசென்ஸ் கிடையாது.

அந்த ஊர் வக்கீலுக்குப் பேரு பெங்கோஷி, சூரியகாந்திப் பூ நடுவுல தராசு வச்ச பேட்ஜ் குத்தியிருப்பாங்க, வருஷக்கணக்கா போட்டு அதுல தங்க முலாம் தேய்ஞ்சு வெள்ளி தெரிஞ்சா ஆளு சீனியர்னு அர்த்தம். வெளிநாட்டுக்காரங்களும் ஆகலாம், 1977-லயே கொரிய வம்சாவளிக்காரர் ஒருத்தருக்கு குடியுரிமை மாறாமலே பயிற்சியில சேர அந்த ஊர் சுப்ரீம் கோர்ட் வழிவிட்டுச்சு. ஆனா அங்க லா ஸ்கூல் முடிக்கணும், இல்லன்னா தகுதித் தேர்வு ஒண்ணு பாஸ் பண்ணணும், அப்புறம்தான் பார் எக்ஸாம்ங்கற வக்கீல் தேர்வு, அதுவும் அஞ்சு வருஷத்துக்குள்ள அஞ்சு தடவைதான், அதுக்கு மேல ஒரு வருஷம் பயிற்சி, எல்லாமே ஜப்பானிய மொழியில. என்4 வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போகாதீங்க.

உங்களுக்குத் தோதான வழி வேற. 1987-ல இருந்து வெளிநாட்டு வக்கீல்களுக்குன்னே தனிப் பதிவு இருக்கு, சுருக்கமா காய்பென்னு சொல்வாங்க. நம்ம ஊர் சட்டத்தைப் பத்தி அங்க உக்காந்து ஆலோசனை சொல்லலாம், கோர்ட்ல நின்னு வாதாட முடியாது. இந்தியாவுல ஃபேக்டரி போடற, பங்கு வாங்கற ஜப்பான் கம்பெனிகளுக்கு இந்த ஆளுங்க தேவைப்படுது. இதுக்கு நம்ம ஊர்ல வக்கீல் லைசென்ஸ் வாங்கினதுக்கு அப்புறம் மூணு வருஷ அனுபவம் வேணும். ஜப்பான்ல ஒரு வக்கீல்கிட்ட வேலை பார்த்த காலத்துல ரெண்டு வருஷம் வரைக்கும்தான் அந்தக் கணக்குல வரும், அதனால டிகிரியோட நேரா விமானம் ஏறினா மாட்டிக்குவீங்க.

அதனால முதல்ல பார் கவுன்சில்ல வக்கீலா என்ரோல் பண்ணுங்க, ஆல் இந்தியா பார் எக்ஸாம் எழுதுங்க, கான்ட்ராக்ட், கம்பெனி வேலை பார்க்கற சீனியர்கிட்ட சேருங்க. கம்பெனியில முழு நேர சம்பள வேலைக்குப் போனா சனதை (வக்கீல் லைசென்ஸை) நிறுத்தி வைக்கணும், அனுபவக் கணக்கும் சிக்கலாகும். அனுபவத்துக்கு ஆதாரமா வக்காலத்து, ஆர்டர் காப்பி, சீனியர் லெட்டர்னு ஒரு ஃபைல் இன்னைக்கே ஆரம்பிங்க, மூணு வருஷம் கழிச்சுத் தேடினா கிடைக்காது (ஜூனியருக்கு லெட்டர் தர நம்ம சீனியர்கள் எடுத்துக்கற நாள் தெரிஞ்ச கதைதானே).

சாயங்காலத்துல மொழியை என்2 வரைக்கும் கொண்டுபோங்க. எல்எல்எம் ஆசையை விட வேண்டாம், ஃபுகுவோகாவுல க்யூஷு யுனிவர்சிட்டி 1994-ல இருந்தே இங்கிலீஷ்ல நடத்துது. ஜப்பான் அரசு ஸ்காலர்ஷிப்புக்கு சென்னை ஜப்பான் கான்சுலேட்லயே அப்ளை பண்ணலாம், வயசு 35-க்குள்ள இருக்கணும், உங்களுக்கு இன்னும் பத்து வருஷத்துக்கு மேல இருக்கு.