துண்டான விரலும் ஒட்டுத் தோலும்: மலை வாசகர்களுக்குப் பதில்கள்

இந்த முறை கடிதங்கள் அதிகமும் நீலகிரியிலிருந்து. கொடைக்கானல் மேல்மலையிலிருந்தும் ஒன்றிரண்டு. எந்தக் கை, எந்த விரல், எந்தக் கணு, அடிபட்டு எத்தனை நாள், பீடி சிகரெட் உண்டா, சர்க்கரை உண்டா: இத்தனையும் எழுதினால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

கவாத்துக் கத்தி பட்டு இடது நடுவிரல் நுனிச் சதை போய்விட்டது. எலும்பு தெரியவில்லை. டாக்டர் வெறும் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். பிளாஸ்டிக் சர்ஜரி வேண்டாமா? (கோத்தகிரி)

வேண்டாம். எலும்பு தெரியாமல், புண் ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் கட்டே போதும். ஈரம் காக்கும் ஒட்டுப் பிளாஸ்டரை வாரம் ஒரு முறை மாற்றினால், மூன்று முதல் ஐந்து வாரத்தில் சுற்றுத் தோல் உள்ளே இழுத்து மூடிவிடும். உணர்ச்சியும் கிராஃப்ட் (ஒட்டுத் தோல்) வைத்ததைவிட நன்றாக இருக்கும். உள்ளே பழுப்பு நீர் சேர்ந்து நாற்றம் அடிப்பது இயல்பு. அதைச் சீழ் என்று நினைத்துப் பவுடரைத் தூவிக் காயவிடாதீர்கள். விரல் சிவந்து வீங்கி, விண்விண்ணென்று தெறித்தால் மட்டும் உடனே ஓடுங்கள்.

கேரட் கழுவும் மெஷினில் மோதிரம் மாட்டி, மோதிர விரல் தோல் முழுக்க உறைபோலக் கழன்று வந்துவிட்டது. எலும்பும் நரம்பும் நன்றாக இருந்தும் விரலை எடுத்துவிடலாம் என்கிறார்கள். அநியாயம் இல்லையா? (கேத்தி)

இல்லை. தோல் உரிந்தபோதே ரத்தக்குழாய்களும் இழுபட்டு, நெடுநீளத்துக்கு உட்சுவர் கிழிந்திருக்கும். வெட்டுக்காயம்போல முனையோடு முனை தைத்தால் நிற்காது. கெட்ட நீளத்தை வெட்டி எறிந்து, முன்கையிலிருந்து சிரை எடுத்து இடையில் வைக்க வேண்டும். அது சரியாக அமைந்தாலும் விரல் விறைத்துப்போக வாய்ப்பு அதிகம். மற்ற மூன்று விரலும் கட்டைவிரலும் நன்றாக உள்ள உழைப்பாளிக்கு, விரலை எடுத்துவிட்டு ஒன்றிரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்புவதே பல நேரம் நல்ல வழி. சுழலும் எந்த மெஷினுக்கும் அருகே மோதிரம், காப்பு, மணிக்கட்டுக் கயிறு கூடாது. கம்பளிக் கையுறையும் கூடாது. முன்பே எழுதியதுதான், மறுபடி எழுதுகிறேன்.

என் மகனுக்கு விரலில் அடி. என்ன செய்யலாம்? (உதகை)

கடிதம் இவ்வளவுதான். டாக்டரிடம் காட்டலாம்.

டீ ஃபேக்டரியில் வாட்டும் தொட்டியின் ஃபேன் பிளேடு பட்டு அண்ணனுக்கு இரண்டு விரல் துண்டாகிவிட்டது. உடனே ஐஸில் போட்டு மூன்றரை மணி நேரத்தில் கோவை போய்ச் சேர்ந்தோம். விரல் கெட்டுவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். ஏன்? (குன்னூர்)

ஐஸில் போட்டதால்தான். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வருவது நிற்கவில்லை.

நேரத்தில் குறை இல்லை. விரலில் தசை கிடையாது. குளிர்ச்சியாக வைத்தால் 12 மணி நேரம் தாராளமாகத் தாங்கும், 24 மணி நேரம் கழித்து இணைத்துப் பிழைத்த விரல்களும் உண்டு. தசையோடு மணிக்கட்டுக்கு மேலே துண்டானால்தான் 6 மணி நேரக் கெடு. உங்கள் அண்ணனின் விரல் உறைந்து கெட்டது. ஐஸ் நேராகப் பட்டால் திசுவில் உள்ள நீர் உறைந்து செல்களை உடைக்கிறது. விரலின் ரத்தக்குழாய் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். தலைமுடியைவிட மெல்லிய இழையில் மைக்ராஸ்கோப் வைத்து எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும், உட்சுவர் செத்திருந்தால், ரத்தத்தை நிறுத்திவைத்த கிளிப்பை எடுத்த சில நிமிடத்தில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். குல்பி வண்டியின் உப்புப் போட்ட ஐஸ் இன்னும் மோசம், அது பூஜ்யம் டிகிரிக்கும் கீழே.

செய்ய வேண்டியது இது. துண்டில் மண், இலைத்தூள் இருந்தால் சலைன் ஊற்றி அலசுங்கள், தேய்க்காதீர்கள். காஸ் துணியைச் சலைனில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, துண்டைச் சுற்றுங்கள். காஸ் இல்லையென்றால் சுத்தமான கைக்குட்டை. ஓட்டையில்லாத பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டுங்கள். கவருக்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரல் ஊறி வெளுத்துவிடும். அந்தக் கவரைப் பாதி ஐஸ், பாதி தண்ணீர் உள்ள வாய் அகன்ற பிளாஸ்க்கிலோ தூக்குச்சட்டியிலோ வையுங்கள். மேலே பெயர், நேரம். மஞ்சள், காப்பித்தூள், ஸ்பிரிட், டெட்டால் எதுவும் வேண்டாம்.

ஐஸ் கிடைக்காவிட்டால் தேடி அலையாதீர்கள். ஈரத்துணிப் பொதியோடு கிளம்புங்கள். ஊட்டிக் குளிரே போதும் என்று நினைக்க வேண்டாம், மேட்டுப்பாளையம் இறங்கியதும் அந்தக் குளிர் உங்களோடு வராது. தோலில் தொங்கும் விரலை வெட்டிவிடாதீர்கள். அந்தத் தோலுக்குள் ஒரு சிரை மிஞ்சியிருந்தாலே எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். சிதைந்த துண்டையும் எறியாமல் கொண்டுவாருங்கள். அது பிழைக்காவிட்டாலும் அதன் தோலும் நரம்பும் எலும்பும் பக்கத்து விரலுக்கு உதவும்.

கையில் ரத்தம் வந்தால் அழுத்திப் பிடித்து உயர்த்துங்கள். ரப்பர் கயிறு கட்டி மலை இறங்க வேண்டாம்; கட்டியவர் மறந்துவிடுவார், முன்கையே செத்துவிடும். பர்லியாற்றில் வண்டியை நிறுத்தி டீயும் பன்னும் வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிறு நிறைந்தவருக்கு மயக்க மருந்து கொடுக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிளம்பும்போதே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து, விரலை இணைக்கும் மைக்ரோ சர்ஜன் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாத இடத்துக்குப் போய்ச் சீட்டு வாங்கி, அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு ஓடுவதில்தான் நேரம் போகிறது.

கையைத் தொடையிடுக்கோடு சேர்த்துத் தைத்து மூன்று வாரம் வைக்கப் போகிறார்களாம். இந்தக் காலத்திலுமா? (கூடலூர்)

ஆமாம். 1972 முதல் இருக்கும் கிராயின் ஃபிளாப் (தொடையிடுக்குத் தோல்மடல்) இது. இன்னும் பென்ஷன் வாங்கவில்லை. தசைநாணோ எலும்போ திறந்து கிடந்தால் வெறும் கிராஃப்ட் பிடிக்காது, தன் ரத்தத்தோடு வரும் தோல் வேண்டும். மூன்று வாரத்தில் விரல் பக்கமிருந்து புது ரத்தக்குழாய் முளைத்ததும் தொடையிடுக்கோடு சேர்ந்த அடியை வெட்டிவிடுவார்கள். அதுவரை தோளையும் தைக்காத விரல்களையும் தினமும் அசைத்துக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் ஃபிளாப் பிழைத்துக் கை விறைத்துவிடும். உருண்டையாகத் தெரியும் கொழுப்பைப் பின்னால் குறைக்கலாம். ஆறு மாதம் பொறுங்கள்.

பக்கத்து விரலின் தோலை எடுத்து நுனியில் வைத்தார்கள். அந்த இடம் மட்டும் கறுப்பாக இருக்கிறது. மாறுமா? (கோத்தகிரி)

முழுக்க மாறாது. விரலின் முதுகுத் தோல் அது.

வலது கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. கால்விரலை எடுத்து வைப்பார்களாமே, அப்புறம் நடக்க முடியுமா? பீடி பழக்கம் உண்டு. (மன்னவனூர்)

நடக்கலாம். இரண்டாம் விரலை எடுத்தால் காலுக்கு நஷ்டம் மிகக் குறைவு. பெருவிரல் தோற்றத்துக்கும் பலத்துக்கும் மேல், ஆனால் சரிவில் ஏறும்போது உந்துவது அதுதான். மேல்மலைத் தோட்டத்தில் வேலை என்றால் நான் இரண்டாம் விரலுக்கே ஓட்டுப் போடுவேன். அறுவை ஆறிலிருந்து எட்டு மணி நேரம். முதல் இரண்டு மூன்று நாள் மணிக்கொரு முறை நிறமும் சூடும் பார்ப்பார்கள். வெளுத்தால் தமனி, நீலம் பாரித்தால் சிரை, எதுவானாலும் உடனே திறக்க வேண்டும். நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், உணர்ச்சிக்கு மாதக்கணக்கில் காத்திருங்கள்.

பீடியை அறுவைக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு மாதம் பின்பும் தொடக் கூடாது. பக்கத்துக் கட்டில்காரர் பிடிப்பதும் கூடாது. முடியாது என்றால் காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

விரல் இணைத்தவருக்கு டீ கொடுக்கலாமா? (குன்னூர்)

முதல் இரண்டு மூன்று வாரம் வேண்டாம். காப்பியும்தான். பால் கொடுங்கள்.

இணைத்து எட்டு மாதம். டிசம்பர் வந்ததும் விரல் நீலம் பூத்து வலிக்கிறது. விரல் சாகிறதா? (உதகை)

சாகவில்லை. குளிர் தாங்காமை இது. பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டில் குறையும், சிலருக்குப் பனிக்காலமெல்லாம் கூடவே வரும். காலையில் குழாய்த் தண்ணீரைத் தொடாதீர்கள், கம்பளிக் கையுறை போடுங்கள் (மெஷினுக்கு அருகே அல்ல). கணப்பில் மட்டும் கை காட்டாதீர்கள். உணர்ச்சி திரும்பாத விரல் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

ஆள்காட்டி விரல் நடுக்கணுவில் போய்விட்டது. நஷ்டஈடு எவ்வளவு? (குன்னூர்)

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப் பட்டியலில் ஆள்காட்டியின் இரண்டு எலும்பு போனால் சம்பாதிக்கும் திறனில் 11 சதவீத இழப்பு. முழு விரலுக்கு 14, கட்டைவிரலுக்கு 30. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உள்ளவர்கள் அதன் வழியேதான் கேட்க முடியும், இரண்டிலும் வாங்க முடியாது. எக்ஸ்ரேயில் தேதி இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் 'விரல் காயம்' என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். எந்தக் கணுவரை போனது என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.