அதிவேக பிளெண்டர் வாங்கலாமா? வட ஆர்க்காட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

1,400 வாட்ஸ், 2,000 வாட்ஸ் என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட பிளெண்டர்கள் இப்போது சிற்றூர் வீட்டுச் சமையலறைகளையும் எட்டிவிட்டன. அவற்றை வாங்குவதா, இருக்கும் மிக்ஸியோடு நிறுத்திக்கொள்வதா என்று கேட்டு வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்து இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றிக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு 750 வாட்ஸ் மிக்ஸி பழையதாகிவிட்டது. அதற்குப் பதிலாக 1,500 வாட்ஸ் பிளெண்டர் ஒன்றை வாங்கிவிட்டால், சட்னி, மசாலா, ஜூஸ் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமா? (குடியாத்தம்)

போதாது. பிளெண்டரும் மிக்ஸியும் மோட்டாரைவிட ஜாரில்தான் அதிகம் வேறுபடுகின்றன. பிளெண்டரின் ஜார் உயரமானது. அடியில் குறுகி, மேலே விரிந்திருக்கும். அதற்குள் ஓரளவு நீர்ப்பதம் இருந்தால், சுற்றும் அலகு (பிளேடு) ஒரு சுழலை உண்டாக்கி, மேலே மிதப்பதையெல்லாம் கீழே இழுத்து மைய அரைக்கும். தண்ணீர் குறைந்துவிட்டாலோ அலகைச் சுற்றிக் காற்று சூழ்ந்துகொள்ளும். மேலே இருக்கும் பொருள் அப்படியே நிற்க, அலகு மட்டும் வெறுமனே சுற்றும். அதிவேக பிளெண்டர்களுடன் ஒரு தடித்த தள்ளுகோலையும் சேர்த்துத் தருவது இதற்காகத்தான்.

நம் மிக்ஸியின் எஃகு ஜாரில் அடிப்பாகம் அகலமானது. அலகு அடியை ஒட்டியே சுற்றும். ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவல், கொஞ்சம் பொட்டுக்கடலை, இரண்டு பச்சை மிளகாய் ஆகியவற்றை இரண்டு கரண்டித் தண்ணீரோடு அரைக்க வேண்டும் என்றால் அந்த அமைப்புதான் உதவும். வெளிநாட்டு மிக்சர்கள் நம் வீட்டு அரைப்புக்குத் தாக்குப்பிடிக்காததைக் கண்ட பொறியாளர் சத்திய பிரகாஷ் மாத்தூர் 1963இல் சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். இன்று நாம் வாங்கும் மிக்ஸிகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே.

ஆகவே, கடைக்குப் போகும் முன் ஒரு வாரத்துக்கு உங்கள் வீட்டில் என்னென்ன அரைபடுகின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முருங்கைக்கீரைச் சாறு, பாதாம் பால், பழங்களும் விதைகளும் சேர்ந்த ஜூஸ், காய்கறி சூப் ஆகியவை நாள் தவறாமல் அந்தப் பட்டியலில் வருமானால், மிக்ஸியோடு கூடுதலாக ஒரு பிளெண்டர் வாங்குவதில் நியாயம் உண்டு. சட்னியும் குழம்பு மசாலாவுமே நிறைந்திருந்தால், மூன்று ஜார்கள் கொண்ட நல்ல 750 வாட்ஸ் மிக்ஸியே போதும். மிச்சப்படும் பணத்தில் இன்னொரு சட்னி ஜார் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இணையத்தில் 2,200 வாட்ஸ் என்று சொல்லி மிகக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். நம்பலாமா? இன்னொன்றில் 3 எச்.பி. என்று போட்டிருக்கிறது. (ராணிப்பேட்டை)

பெட்டியை விட்டுவிட்டு, பிளக்கைப் பாருங்கள். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 2,200ஐ 230ஆல் வகுத்தால் 9.6 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக வரும். மெல்லிய மூன்று முனைகள் கொண்ட சாதாரண பிளக் 6 ஆம்பியருக்கானது. அது தாங்குவது ஏறத்தாழ 1,400 வாட்ஸ்தான். உண்மையிலேயே 2,200 வாட்ஸ் இழுக்கும் இயந்திரத்துக்குத் தடித்த முனைகள் உள்ள 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற கனமான ஒயரும் இருந்தாக வேண்டும். மெல்லிய ஒயரில் சிறிய பிளக்கைப் பொருத்திவிட்டு 2,200 என்று எழுதியிருந்தால், ஒன்று அந்த எண் பொய், அல்லது அந்த ஒயர் ஆபத்து.

ஒரு குதிரைத்திறன் (எச்.பி.) 746 வாட்ஸ் என்பதால், 3 எச்.பி. என்பது 2,200 வாட்ஸுக்கும் மேல். விளம்பரத்தில் வரும் எச்.பி. எண் பெரும்பாலும் மோட்டார் ஒரு கணம் எட்டும் உச்சத்தைக் குறிப்பது; தொடர்ந்து அரைக்கும்போது கிடைக்கும் திறன் அதைவிடக் குறைவு. இயந்திரத்தைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியுள்ள தகட்டில் வாட்ஸ் எவ்வளவு, எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓட்டலாம், எத்தனை நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கிறதா எனப் பாருங்கள். அந்தத் தகடே இல்லாத பொருளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் மகள் அங்கே பயன்படுத்திய விலை உயர்ந்த பிளெண்டரைக் கொண்டுவருவதாகச் சொல்கிறாள். பிளக்கை மட்டும் மாற்றி இங்கே பயன்படுத்தலாமா? (சத்துவாச்சாரி, வேலூர்)

கூடாது. அங்குள்ள மின்னழுத்தம் 120 வோல்ட். இங்கே ஏறத்தாழ இரு மடங்கு. பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையும் மோட்டாரின் கம்பிச் சுருளும் கருகிப்போகும். மின்சாரம் நொடிக்கு இங்கே 50 சைக்கிள் (அலைவு), அங்கே 60 சைக்கிள் என்ற வேறுபாடு இவ்வகை மோட்டாருக்குப் பெரிய சிக்கல் இல்லை, வோல்ட்தான் சிக்கல்.

அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் 230 வோல்ட்டை 110–120 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. 1,400 வாட்ஸ் பிளெண்டருக்குக் குறைந்தது 2,000 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ளது வேண்டும், அது செம்புச் சுற்றும் இரும்புமாகக் கனக்கும் ஒரு பெட்டி. சமையல் மேடையில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பயணிகளுக்கென விற்கும், உள்ளங்கையில் அடங்கும் இலேசான மாற்றிகள் இஸ்திரிப்பெட்டி போன்ற வெறும் சூடேற்றும் பொருள்களுக்கானவை. மோட்டாருக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. ஜார் வாஷர் தேய்ந்தால் மாற்று உதிரி இங்கே கிடைக்குமா என்பதையும் எண்ணிப் பாருங்கள். மகளிடம், அந்தப் பிளெண்டர் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுவதே என் யோசனை.

பிரியாணிக்குக் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைக்கும்போது மிக்ஸியில் தோலும் விதையும் தங்கிவிடுகின்றன. பிளெண்டரில் மையாக வருமா? (ஆம்பூர்)

உங்கள் ஊர்ப் பிரியாணிக்கு நிறமும் காரமும் தருவதே அந்த மிளகாய் விழுது என்பதால் உங்கள் கவலை புரிகிறது. ஒரு குடும்பத்துக்குத் தேவையான விழுது அரைக் கோப்பைதான் இருக்கும். அதை இரண்டு லிட்டர் பிளெண்டர் ஜாரில் போட்டால் சுவரெங்கும் தெறித்து ஒட்டிக்கொள்ளுமே தவிர அரைபடாது. பிளாஸ்டிக் ஜாராக இருந்தால் மிளகாயின் நிறமும் வாடையும் அதில் ஏறி, மறுநாள் போடும் ஆப்பிள் ஜூஸிலும் தெரியும்.

மிளகாயைக் காம்பு கிள்ளி, விதையைப் பாதியாவது உதிர்த்துவிட்டு, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய மிளகாயை மட்டும் 400 மில்லி சட்னி ஜாரில் தண்ணீர் சேர்க்காமல் நிறுத்தி நிறுத்தி ஓட்டி, பிறகு ஊறிய நீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அரையுங்கள். தொடக்கத்திலேயே தண்ணீரை ஊற்றிவிட்டால் தோல்கள் நீரில் மிதந்து அலகிடம் தப்பிவிடும். இவ்வளவு செய்தும் தோல் தங்கினால், குற்றவாளி பெரும்பாலும் மழுங்கிய அலகுதான். சாணை பிடிக்கலாம், அல்லது அலகை மாற்றலாம். பிரியாணியோடு வைக்கும் கத்தரிக்காய்க்கு எள்ளும் வேர்க்கடலையும் வறுத்து அரைப்பதற்கும் இதே சிறிய ஜார்தான் ஏற்றது. (2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் முள்ளுக் கத்தரிக்காயைக் கடைவதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம், மத்துப் போதும். மிக்ஸியில் போட்டால் அது கடைசலாக இராது, கூழாகிவிடும்.)

பிளெண்டர் வாங்கினால் கிரைண்டரை விற்றுவிடலாமா? இட்லி மாவு அதில் அரைக்கலாம் என்று கடையில் சொன்னார்கள். (ஆரணி)

விற்க வேண்டாம். மாவு அரைபடும், ஆனால் சூடாகிவிடும். ஒரு கணக்கைப் பாருங்கள்: 1,000 வாட்ஸ் ஆற்றல் ஒரு நிமிடம் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீருக்குள் வெப்பமாக இறங்கினால், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை உயரும். அந்த ஆற்றலில் ஒரு பகுதி மோட்டாரிலேயே வீணாகிப்போனாலும், மூன்று நான்கு நிமிடம் ஓட்டினால் மாவு கைக்குச் சுடும் அளவுக்கு வந்துவிடும். அதிவேக பிளெண்டரில் அடுப்பே இல்லாமல் சூப்பைச் சூடாக்கலாம் என்று விளம்பரம் செய்வதும் இதே காரணத்தால்தான். சூடேறிய உளுந்து பொங்கி வராது. இட்லி தட்டையாக இருக்கும். கிரைண்டர் கல்லோ மிக மெதுவாகச் சுற்றி, உளுந்துக்குள் காற்றைச் சேர்த்துக்கொண்டே அரைக்கிறது.

மே மாதத்தில் வெயில் 40 பாகையைத் தாண்டும் நம் பகுதியில், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே பாதி வெந்நீர். அவசரத்துக்கு மிக்ஸியிலோ பிளெண்டரிலோ அரைக்க நேர்ந்தால், ஊறிய உளுந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து, ஐஸ் தண்ணீர் விட்டு, அரை நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாமல் நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். தோசைக்கு அந்த மாவு சரியாகவே இருக்கும்.

எங்கள் நிலத்து மல்லாட்டையை (வேர்க்கடலையை) வறுத்து வீட்டிலேயே பீனட் பட்டர் செய்ய ஆசை. பாதியிலேயே மிக்ஸி நின்றுவிடுகிறது. (செய்யாறு)

நிற்பது நல்லதுதான். மோட்டார் அளவுக்கு மீறிச் சுமை இழுக்கும்போது அதைக் காப்பாற்ற ஒரு ஓவர்லோடு சுவிட்ச் இருக்கிறது. பெரும்பாலான மிக்ஸிகளில் அடியில் சிவப்புப் பொத்தானாகத் தெரியும். பத்து நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்தினால் மீண்டும் ஓடும்.

மல்லாட்டையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். அரைக்கும்போது அது முதலில் பொடியாகும். பிறகு ஈரக் களிமண்ணைப் போல் கட்டியாகத் திரண்டு அலகோடு சேர்ந்தே சுற்றும். அதன் பின்னர்தான் எண்ணெய் விட்டு இளகும். நடுவில் வரும் அந்தக் கட்டி நிலையில்தான் மோட்டாருக்குச் சுமை மிகுதி. அங்கே நிறுத்தி, மூடியைத் திறந்து, ஓரங்களை வழித்துவிட்டு, சில நிமிடம் ஆறவைத்து மறுபடி ஓட்டுங்கள். வறுத்த சூடு சற்று மிச்சம் இருக்கும்போதே அரைத்தால் எண்ணெய் விரைவில் பிரியும். ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள்.

நல்ல பிளெண்டரும் தள்ளுகோலும் உண்மையாகவே கைகொடுக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று. மாதந்தோறும் கிலோக்கணக்கில் செய்து உறவினர்களுக்கும் கொடுப்பதாக இருந்தால் வாங்கலாம். ஆனால் கால் கிலோ போட்டால் அதிலும் அலகு பிடிக்காது. ஒரே முறையில் அரைக் கிலோவாவது போட வேண்டியிருக்கும்.

அப்பாவுக்கு மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கிறோம். மிக்ஸியில் அரைத்தால் குழாய் அடைத்துக்கொள்கிறது. பிளெண்டர் வாங்கினால் சரியாகுமா? (காட்பாடி)

பெருமளவு சரியாகும். மருத்துவமனைகள் நிறைந்த நம் பகுதியில் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. என்ன உணவு, எவ்வளவு, எத்தனை வேளை என்பதை மருத்துவமனையின் உணவியல் நிபுணரே முடிவு செய்ய வேண்டும். அரைப்பதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

நீர்ப்பதமான உணவை நார் தெரியாமல் அரைப்பதில் அதிவேக பிளெண்டர் மிக்ஸியைவிடத் தெளிவாகவே மேல். இருந்தாலும் அரைத்ததை மெல்லிய வடிகட்டியில் ஒருமுறை வடிகட்டாமல் கொடுக்காதீர்கள்; கீரை நரம்பும் பருப்புத் தோலும் எந்த இயந்திரத்திலும் சிறிதளவு தப்பும். ஆறிய பிறகே அரையுங்கள். கொதிக்கும் பொருளை மூடிய ஜாரில் ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி எறிந்து முகத்தில் தெறிக்கும். காற்றுப் போக வழியே இல்லாத சிறிய குவளை வகைப் பிளெண்டர்களில் இது இன்னும் ஆபத்து. ஜார், அலகு, மூடியின் ரப்பர் வளையம் மூன்றையும் கழற்றிக் கழுவ முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். வளையத்துக்கு அடியில் தங்கும் ஒரு துளி உணவு வெயில் காலத்தில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். அரைத்த உணவையும் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

மாலையில் எங்கள் ஊரில் மின்னழுத்தம் 180க்கு இறங்கிவிடும். பிளெண்டர் ஓடுமா? இன்வெர்ட்டரில் போடலாமா? (ஒடுகத்தூர்)

ஓடும், ஆனால் இழுவிசை இராது. அது ஏறத்தாழ மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டிக் குறைவதால், 180 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விடும். அப்போது வேகம் குறைந்து, உள்ளிருக்கும் குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றி, மோட்டார் சூடாகும். கடினமான பொருள்களைக் காலையிலேயே அரைத்து வைத்துவிடுங்கள். ஒற்றைப் பேட்டரி கொண்ட சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் 1,500 வாட்ஸ் பிளெண்டரைப் போடக் கூடாது. 750 வாட்ஸ் மிக்ஸியே அதற்கு எல்லைதான்.

கண்ணாடி போல இருந்த பிளாஸ்டிக் ஜார் சில மாதங்களில் வெளுத்து மங்கிவிட்டது. அடியில் கறுப்பாக நீரும் கசிகிறது. ஜாரையே மாற்ற வேண்டுமா? (வாலாஜாபேட்டை)

இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர். ஜாரில் ஒரு கோப்பை வினிகரும் மூன்று கோப்பைத் தண்ணீரும் ஊற்றி, சில மணி நேரம் ஊறவிட்டு மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள். படிவு போய்விட்டால் நல்லது. போகாவிட்டால் அவை கீறல்கள். மிளகு, மல்லி, சர்க்கரை போன்றவற்றை உலர்வாகவே அந்த ஜாரில் பொடித்திருப்பீர்கள். கீறல்கள் மறையாது, ஆனால் ஜூஸுக்குத் தடையும் இல்லை.

கறுப்பு நீரை விட்டுவைக்காதீர்கள். ஜாரைக் கவிழ்த்து, அடியில் உள்ள கப்ளரை (மோட்டாரோடு அலகை இணைக்கும் பகுதியை) விரலால் சுற்றிப் பாருங்கள். அலகு தடையின்றிச் சுழல வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் புஷ் (அலகின் தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்து, வாஷரைத் தாண்டி நீர் இறங்குகிறது. அந்தக் கறுப்பு, தேய்ந்த உலோகமும் மசகும் கலந்தது. அது கீழே இறங்குவதோடு உங்கள் ஜூஸிலும் கலக்கும், மோட்டாருக்குள்ளும் சொட்டும். மிக்ஸி ஜாராக இருந்தால் புஷ்ஷையும் வாஷரையும் எந்தப் பழுதுபார்க்கும் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். பிளெண்டர்களில் அலகும் புஷ்ஷும் ஒரே தொகுதியாக வருவதால் அந்தத் தொகுதியையே மாற்ற வேண்டும். அது தனியாக விற்கிறதா, என்ன விலை என்று வாங்கும் நாளிலேயே கடைக்காரரிடம் கேட்டு, முடிந்தால் பில்லின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.