பேஸ்பால் அணிக்குப் புது ஊர் எப்படி அமைகிறது?

கேள்வி: இடம் மாறும் பேஸ்பால் அணிக்குப் புது ஊர் தேடும்போது எதை முக்கியமாகப் பார்ப்பார்கள்? ரசிகர் கூட்டத்தையா?

கூட்டத்தையும் பார்ப்பார்கள். ஆனால் முதல் கேள்வி, ஸ்டேடியத்துக்கு யார் பணம் போடுவது என்பதுதான்.

நான் இருப்பது வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியாவில். எங்கள் ஊர் அணி நேஷனல்ஸ், 2004 வரை கனடாவின் மான்ட்ரியல் எக்ஸ்போஸாக இருந்தது. 1994-இல் 74 வெற்றி, 40 தோல்வி என்று மேஜர் லீக்கிலேயே (பேஸ்பாலின் உச்ச லீக்) முதலிடத்தில் இருந்தபோது வீரர்கள் வேலைநிறுத்தம் வந்து சீசனே நின்றுபோனது. அடுத்த வருஷமே நல்ல வீரர்களை ஒவ்வொருவராகக் கைகழுவினார்கள். 2001-இல் ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டாயிரம் பேர்கூட வரவில்லை. 2002-இல் லீக்கே 12 கோடி டாலருக்கு அணியை வாங்கிக்கொண்டு ஊர் தேடக் கிளம்பியது.

வாஷிங்டன், வடக்கு வர்ஜீனியா, நார்ஃபோக், போர்ட்லண்ட், லாஸ் வேகஸ், மெக்சிகோவின் மான்டெர்ரே, போர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான் என்று பட்டியல் நீளம். முடிவாகும் வரை அணி தவித்தது: 2003, 2004 இரண்டு சீசனிலும் இருபதுக்கு மேற்பட்ட 'உள்ளூர்' ஆட்டங்களைச் சான் யுவானில் ஆடினார்கள். மான்ட்ரியல்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்!

வாஷிங்டனுக்கு ஒரு தடை இருந்தது. ஏற்கெனவே இரண்டு அணிகள் அந்த ஊரை விட்டு ஓடியிருந்தன; கடைசி அணி 1971-இல் டெக்ஸஸ் போனது. பக்கத்திலேயே பால்டிமோர். அந்த ஊர் அணியின் முதலாளி தன் கூட்டம் போய்விடும் என்று முரண்டு பிடித்தார். புது டிவி சேனலில் பெரும்பங்கைக் கொடுத்துத்தான் சமாதானப்படுத்தினார்கள். ஆனால் ஸ்டேடியச் செலவை ஏற்க மேயர் தயாராக இருந்தார், விஷயம் முடிந்தது. அப்புறம் 2004 டிசம்பரில் மாநகர சபை, பாதிப் பணத்தைத் தனியார் போடட்டும் என்று பிடிவாதம் பிடித்ததில் எல்லாமே கவிழப் பார்த்தது தனிக் கதை. 2006-இல் லீக் இந்த அணியை 45 கோடி டாலருக்கு விற்றது. வாங்கிய விலை 12 கோடி என்பதை மறந்துவிடாதீர்கள்.

சரி, கூட்டம் எங்கே வருகிறது என்றால், பேஸ்பாலில் ஒரு அணிக்கு சீசனுக்கு உள்ளூர் ஆட்டம் 81. ஐபிஎல் மாதிரி ஏழு அல்ல. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் நாலு பிள்ளைகளோடு வர வேண்டும். சுற்றுலாப் பயணியை நம்பி இதை ஓட்ட முடியுமா என்பது என் சந்தேகம்.

அதனால்தான் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் அணி சுற்றுலா நகரமான லாஸ் வேகஸைப் பிடித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. டிவி சந்தையாக போர்ட்லண்ட் அதைவிடப் பெரியது. ஆனால் ஸ்டேடியத்துக்கு 38 கோடி டாலர் வரை தருகிறோம் என்று 2023 ஜூனில் சட்டம் போட்டது லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலம்தான். அந்த நவம்பரில் லீக்கின் அணி முதலாளிகள் ஒருவர்கூட எதிர்க்காமல் இடமாற்றத்துக்குக் கைதூக்கினார்கள். புது ஸ்டேடியம் எழும் வரை, 2025 முதல் சாக்ரமென்டோவில் ஒரு சிறிய மைனர் லீக் (கீழ்நிலை லீக்) மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம். ஓக்லண்டில் 2024 செப்டம்பர் 26 அன்று நடந்த கடைசி ஆட்டத்துக்கு 46,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள்.